செம்முகிலுக்கு முன் ஒரு கச்சேரி

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் புதுக்கொற்கைச் சனங்களில் பாதிப் பேர் விண்கலத்துறைக்கு வந்துவிடுவார்கள். கையில் மக்ரூன் பொட்டலம், தோளில் தூங்குகிற குழந்தை, கக்கத்தில் மடக்குப் பாய். இருநூறு முந்நூறு ஒளியாண்டு தள்ளிப் போய்ப் பழைய வானொலி கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் செவ்வாய்க் கோளுக்குத் திரும்பி வேலைக்குப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் வியப்பு இல்லை. வரிசை நீளமாக இருக்கிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது.

மடிப்புப் பாதை வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இது. பூமியில் ஒரு காலத்தில் ஒலிபரப்பான எதுவும் அழிந்துவிடவில்லை. பெரும்பகுதி காற்றுமண்டலத்தின் மேல்தட்டில் பட்டுத் திரும்பிவிட்டாலும், கசிந்து வெளியேறிய கொஞ்சம் ஒளியின் வேகத்தில் இன்னும் போய்க்கொண்டேயிருக்கிறது. வெளியை மடித்து அந்த அலைக்கு முன்னால் போய் நின்று, செவிக்குடை என்கிற மாபெரும் வலையை விரித்தால் அன்று ஒலித்தது இன்று வந்து சேரும். இதற்கு அலைமுந்தல் என்று பெயர். கிரிக்கெட் வர்ணனைக்குத்தான் கூட்டம் அள்ளும். முடிவு தெரிந்த ஆட்டத்தையே மூன்று தலைமுறையாகப் போய்க் கேட்டு, அதே பந்தில் அதே ஆள் அவுட் ஆனதும் தலையில் அடித்துக்கொள்வார்கள். செவ்வாயில் ஆறும் கிடையாது, அணையும் கிடையாது. ஆனாலும் மேட்டூர் நீர்மட்டம் கேட்காமல் வாரம் ஓடாது என்கிறவர்களும் இருந்தார்கள்.

எழினி அந்தக் கலத்துறையில் அலைக்கணிப்பாளராக இருந்தாள். எந்த ஆண்டின் எந்த ஒலிபரப்பு இப்போது எந்த விண்மீனைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, எந்தக் கலம் எங்கே போய்க் குடையை விரிக்க வேண்டும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. பகல் முழுவதும் கிரிக்கெட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் வழி சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பது வேறொன்று. மயலிசை.

மயலிசை, ராக் இசையின் ஒரு கிளை. இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் முளைத்தது. அதில் கிடார் நேராகப் பேசாது. கிணற்றுக்குள் விழுந்த குரல் மாதிரி எதிரொலித்து, நெளிந்து, நிறம் மாறி வெளியே வரும். நாடாவைத் தலைகீழாக ஓட்டிப் பதிவார்கள். ஆர்கனும் சித்தாரும் ஒன்றில் ஒன்று கரையும். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு, வழியில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பதினைந்தாம் நிமிடத்தில் வீடு திரும்பும். பிறகு அரை நூற்றாண்டு கழித்து, பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் படுக்கையறையில் உட்கார்ந்து தாங்களே பாடித் தாங்களே பதிந்து வெளியிட்ட தன்னிசைக் குழுக்கள் வந்தன. அந்தக் காலத்தில் இண்டி என்று சொல்வார்கள். இவர்கள் அந்த மயலிசைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் என்பது எழினியின் கட்சி. அறுபதுகளின் ஒரு பாட்டையும் தன்னிசைப் பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, ரெண்டிலும் அதே நடுக்கம் இருக்கிறது பார்த்தீர்களா என்று வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்பாள். வருகிறவர்கள் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அவள் கணவன் குமணன் பல் மருத்துவன். நாளெல்லாம் துளைக்கருவியின் கீச்சொலியைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் வேண்டியிருந்தது அமைதி ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவள் தனக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது அவன் மரியாதையாகக் கடைசி வரை கேட்டான். பிறகு கேட்டான்:

"இதுல பாட்டு எங்க இருக்கு? யாரோ தகரத்து மேல மேசைய இழுத்துட்டுப் போற மாரில்லா இருக்கு."

"இன்னொரு மட்டம் கேளுங்க. நடுவுல ஒரு எடத்துல எல்லாம் கரையும். அப்பம் தெரியும்."

அவன் இன்னொரு முறை கேட்டான். எதுவும் கரையவில்லை. அதற்காக அவர்களுக்குள் சண்டை எதுவும் வந்துவிடவில்லை. அவள் பாட்டுக் கேட்கும் நேரத்தில் அவன் மாடத்துத் தொட்டிகளில் கீரைக்குத் தண்ணீர் விடுவான். அவ்வளவுதான். ஆனால் எழினிக்கு உள்ளுக்குள் ஒரு தனிமை இருந்தது. தான் பார்க்கிற ஒரு நிறத்தைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்கவில்லை என்கிற மாதிரியான தனிமை.

அவளுக்கு உயிர், பஞ்சுமிட்டாய்ச் சூரியன் என்ற குழு. கொடைக்கானலில் எழுபதுகளின் தொடக்கத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தியது. ஹெலன் தங்கபுஷ்பம் பாடுவாள், ஆர்கனும் வாசிப்பாள். ரோலண்ட் கிடார். சவரிராயன் பேஸ் கிடார். டிரம்ஸ் ஹமீது. அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு. ஒரு பக்கம் 'ஏரிக்குள் தபால்பெட்டி', மறுபக்கம் 'மெதுவாக உதிரும் மணி'. ரெண்டும் சேர்த்து ஒன்பது நிமிடம் தேறும். அந்த ஒன்பது நிமிடத்தை எழினி தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. அதில் இருமல் எங்கே வருகிறது, ஆர்கனின் எந்தக் கட்டை கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைப் போல இன்னும் சில நூறு பேர் சூரியக் குடும்பம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஒரு மன்றம் இருந்தது. ஒன்பது நிமிடத்தைப் பற்றி ஓயாமல் பேசினார்கள்.

ஒருநாள் பழைய நேர்காணல் ஒன்று எழினியின் காதில் விழுந்தது. கிழவராகிவிட்ட ஹமீது பேசியது. ஒலிபரப்பு நிலையம் எதுவும் தங்கள் பாட்டைப் போடச் சம்மதிக்காததால், தானே கண்டதையும் வைத்து ஒரு ஒலிபரப்புக் கருவி செய்ததாகவும், ஒரு சாயங்காலம் நாலு பேரும் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியை ஒலிபரப்பியதாகவும் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆன்டெனாவைத் தப்பாகக் கட்டிவிட்டாராம். அது ஊரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. மறுநாள் காலையில் கடைத்தெருவில் விசாரித்தால் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. ஹெலன் அதோடு பாடுவதை விட்டுவிட்டாள். ரோலண்ட் வெளிநாட்டுக்குப் போய்விட்டான்.

நேர்காணலைக் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஹமீதோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் கடந்துபோயிருந்தார்கள். எழினி அலைக்கணிப்பாளர். அவள் அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டாள். வானத்தைப் பார்த்த ஆன்டெனா என்றால், கசிவு இல்லை, மொத்தக் கச்சேரியும் நேராக மேலே போயிருக்கிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்தில் ஒருவரும் கேட்காத கச்சேரி.

கணிக்கப் பல மாதம் ஆயிற்று. விடை கிடைத்த அன்று அவளுக்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வந்தன. அந்த அலை இப்போது ஒரு பெரிய வாயு மேகத்தின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. கலமோட்டிகள் அதைச் செம்முகில் என்பார்கள். உள்ளே போன எந்த வானொலி அலையும் வெளியே வந்ததில்லை. உப்பு தண்ணீரில் கரைவது போலக் கரைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை கேட்கலாம். கிரிக்கெட் போல இன்னொரு வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் கேட்க முடியாது.

யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்க் கேட்டுவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ரெண்டு நாள் சொல்லாமலே இருந்தாள். பிறகு, ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை என்று ஹமீது சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்து, மன்றத்துக்குத் தெரிவித்துவிட்டாள். நானூறு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

குமணன் தானாகவே தானும் வருவதாகச் சொன்னான். உங்களுக்குப் பிடிக்காதே என்று அவள் கேட்டதற்கு, பிடிக்காவிட்டால் என்ன, இவ்வளவு நாள் நீ தேடினதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்றான். எழினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் கையப் பிடிச்சிட்டே கேப்போம். நீங்க வேற ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா கேளுங்க, போதும்."

வெண்ணாரை என்ற கலம் அமர்த்தப்பட்டது. அதன் தலைவி மரகதம், பூமியில் பிறந்து வளர்ந்தவள், அதிகம் பேசாதவள். கலத்தின் நடுவில் கேள்மண்டபம் இருந்தது. வட்டமான கூடம், தரை முழுக்க மெத்தை, கூரை முழுக்கக் கண்ணாடி. மடிப்பிலிருந்து வெளியே வந்தபோது கண்ணாடி முழுவதையும் செம்முகில் அடைத்துக்கொண்டு நின்றது. மாதுளை முத்தின் நிறம். அதற்குள் எங்கெங்கோ இளம் விண்மீன்கள், திரைக்குப் பின்னால் விளக்கு ஏற்றிய மாதிரி மங்கலாகத் தெரிந்தன. மேகம் அசைவதில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்லச் சுருள்வது போல இருந்தது. நானூறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். கச்சேரிக்கு இதைவிட நல்ல பந்தல் கிடைக்காது.

இந்த இடத்தில் நினைவுப்பொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வலது நெற்றியில் ஒரு உளுந்து அளவு பொட்டு பதித்திருக்கும். தொட்டால் போதும், காதில் விழுவதை அப்படியே பிடித்து வைக்கும். அதில் இரண்டு நிலை. ஒன்று கலங்கல். இதில் கேட்பவரும் கூடவே கேட்கலாம்; ஆனால் அவருடைய மூச்சு, இதயத் துடிப்பு, கால் மரத்துப்போன எண்ணம் எல்லாம் பதிவில் கலந்துவிடும். மற்றது தெளிவு. இதில் பொட்டு, காது நரம்பை முழுதாகத் தனக்கே எடுத்துக்கொள்ளும். பதிவு அப்பழுக்கில்லாமல் இருக்கும். அது முடியும்வரை ஆளுக்கு ஒன்றும் கேட்காது. கலங்கல் பதிவு வைத்திருப்பவர்களை யாரும் மதிப்பதில்லை. பல் மருத்துவர்களுக்கு மட்டும் பொட்டு வைக்க அனுமதி கிடையாது. நோயாளியின் முனகலைப் பதிந்துவிடக் கூடாது என்று ஒரு சட்டம்.

அலை வருவதற்குச் சற்று முன்னால் மரகதம் வந்து, கலமே முழுக் கச்சேரியையும் பதியப்போகிறது, எல்லோருக்கும் படி தருவேன், நீங்கள் நிம்மதியாகக் கேளுங்கள் என்று சொன்னாள். நன்றி என்றார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் பொட்டைத் துடைத்துப் பதிவுக்குத் தயாராக்கிக்கொண்டார்கள். அது கலத்தின் பதிவுதானே, நம்முடையது இல்லையே என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தது குமணனுக்குக் கேட்டது.

எழினி கலங்கலில் வைத்துக்கொண்டு கேட்பதாகத்தான் இருந்தாள். அவள் கையைக் குமணன் பிடித்திருந்தான். அப்போது மன்றத்தின் மூத்தவர் காசிம் அவள் பக்கம் நகர்ந்து வந்தார். யூரோப்பா நிலவிலிருந்து வந்தவர், மயலிசையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்திருப்பவர், தெளிவில் ஒரு இழை குறைந்தாலும் பதிவைத் தொடமாட்டார். எழினியின் பொட்டு கலங்கலில் இருப்பதைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று.

"கண்டுபிடிச்சதே நீங்கதான் தங்கச்சி. நானூறு பேருகிட்ட தெளிவு இருந்து, உங்ககிட்ட மட்டும் கலங்கல் இருந்தா நல்லாவா இருக்கு? இன்னைக்கு ஒருநாள்தான் கெடைக்கும். கேக்குறது எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

எழினி சுற்றிலும் பார்த்தாள். மெத்தை மெத்தையாக எல்லோருடைய கையும் நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க ஒன்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தவளுக்கு, கைக்கு வந்த பெரும் செல்வத்தில் ஒரு துளி சிந்திவிடுமோ என்று பதறியது. அவள் குமணனிடம் குனிந்தாள்.

"வீட்டுக்குப் போயி ரெண்டு பேருமாச் சேந்து கேப்போம். என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டாள். கண் மூடியது. அவன் பிடித்திருந்த கை, தூங்குகிறவளின் கை போலக் கனத்தது.

முதலில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், தூரத்தில் நாய். "ஓடுதா? ஓடுதுன்னா சொல்லுடா," என்று ஒரு பெண்குரல் கேட்க, ஓடுகிறது ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். குமணன் அக்கம்பக்கம் பார்த்தான். நானூறு முகங்களும் செம்முகிலின் வெளிச்சத்தில் சிவந்து, கண்மூடி, சலனமில்லாமல் இருந்தன. இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். யாருடைய வீட்டுக்கோ கூப்பிடாமல் வந்துவிட்டவன் போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் இரண்டு பாட்டும் அவனுக்கு வழக்கம்போலத்தான் இருந்தன. தகரம், மேசை. மூன்றாவது பாட்டின்போது பின்னணியில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது. ஆயிரம் விரல்கள் ஒரே நேரத்தில் எதையோ மெல்லத் தட்டுகிற மாதிரி. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு அடர்த்தியாக, கூரை முழுக்க. இந்த ஹமீது எப்படி இவ்வளவு கையோடு வாசிக்கிறான் என்று குமணன் ஆச்சரியப்பட்டான். பாடுகிறவர்களும் அந்தச் சத்தத்துக்கு வழிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பிறகு ஆர்கன் அதன் அடியிலிருந்து, நீருக்குள் ஒரு விளக்கு எழுந்து வருகிற மாதிரி, மெல்ல மேலே வந்தது. அதன்மேல் கிடார் நீளமாக ஒரே சுரத்தில் இழைந்து, இழைந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று.

அப்போது கரைந்தது. முதலில் மெத்தையின் விளிம்பு கரைந்தது; பிறகு கூடத்தின் சுவர். மேலே செம்முகில் கிடாரின் இழுப்புக்கு ஏற்ப மூச்சு விட்டது. தன் கை எங்கே முடிந்து எழினியின் கை எங்கே தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு ஒரு அறை, அதற்குள் இன்னொரு அறை, அதற்குள் இன்னொன்று என்று திறந்துகொண்டே போக, அவன் ஒவ்வொன்றாக நடந்துபோனான். ஒரு அறை பச்சையாக இருந்தது. ஒரு அறையில் யாரோ சிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஆயிரம் விரல்கள் கூரையைத் தட்டிக்கொண்டேயிருந்தன. எத்தனையோ வருடமாக எழினி தன்னை எங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு அங்கேதான் தெரிந்தது. அவளிடம் சொல்லத் திரும்பினான். அவள் கண்மூடி, ஒன்றும் கேளாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டுக்கு நடுவில் ஹெலன் பேசினாள். ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"எங்க பாட்ட யாரும் போட மாட்டேன்னுட்டாங்க. அதான் நாங்களே போட்டுட்டோம். யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா கையத் தூக்குங்க. எங்களுக்குத் தெரியாதுதான். பரவால்ல, தூக்குங்க."

குமணன் மறுபடி சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக இருட்டில் வந்த கேள்வி, இன்னும் சற்று நேரத்தில் மேகத்துக்குள் போய்க் கரைந்துவிடும். அவன் எழினியின் கையை மெல்ல மெத்தையில் வைத்துவிட்டு, தன் வலக்கையைத் தூக்கினான். நன்றாகத் தெரிகிற மாதிரி உயர்த்தித் தூக்கினான்.

அந்தப் பக்கம் கூரையின் சத்தம் மட்டும். பிறகு ஹெலன், "சரி, பாத்துட்டோம்," என்றாள். கடைசிப் பாட்டு தொடங்கியது.

அது எல்லாவற்றிலும் எளிமையாக இருந்தது. ஆர்கனும் குரலும் மட்டும். தாலாட்டுப் போல ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை குறைந்து, கடைசியில் வார்த்தையே இல்லாமல் போய் முடிந்தது. பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

நானூறு பேரும் கண்ணைத் திறந்தார்கள். கூடத்தில் ஒரே ஆரவாரம். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள். பிசிறு இல்லாமல் கிடைத்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எழினியின் முகம் பூரித்திருந்தது. அப்புறம்தான் அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"என்ன, கையத் தூக்கிட்டு இருக்கிய?"

"அவ தூக்கச் சொன்னா," என்றான் குமணன்.

திரும்பும் வழியில் அவன் மரகதத்திடம் போய், மூன்றாவது பாட்டில் வந்த சத்தத்தை விரல்களால் தட்டிக் காட்டி, அந்த வாத்தியத்தின் பெயர் என்ன என்று விசாரித்தான். அது வாத்தியம் இல்லை, மழை என்றாள். செவ்வாயில் பிறந்தவனுக்கு மழை எப்படி இருக்கும் என்று தெரியாது. அவன் இருக்கைக்கு வந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழினி நினைத்தாள். வந்த வாரம் உடம்பு அசதியாக இருந்தது; இப்படிப்பட்ட ஒன்றை அசதியில் கேட்கக் கூடாது. அடுத்து, நல்ல ஒலிபெருக்கி வாங்கிக்கொண்டு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் மன்றத்தில் யாருடைய பதிவு மிகத் தெளிவு என்ற விவாதம் தொடங்கி, இரு கட்சியாகப் பிரிந்து, மாதக்கணக்கில் நடந்தது. தெளிவுப் பதிவை முதல் முறை திறக்கும்போது அதில் ஒரு இழை குறையும் என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். காசிம் தன்னுடையதைத் திறக்கவே போவதில்லை என்று அறிவித்தார். அதைக் கேட்ட பிறகு எழினிக்கும் திறக்கக் கை வரவில்லை. மரகதம் அனுப்பிய படியையும் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. எல்லோரிடமும் அதைவிட நல்லது இருந்தது.

அவர்கள் வீடு திரும்பிய அன்றே அலை செம்முகிலுக்குள் போய்விட்டிருந்தது. அன்று கலத்துறையில் அலைகளைக் காட்டும் பலகையில் அந்தப் புள்ளி அணைந்ததை எழினி பார்த்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதுகாப்பாக என்னிடம் இருக்கிறது என்று ஆறுதலும் இருந்தது.

குமணனிடம் எதுவும் இல்லை. அதனால் அவன் மறந்துவிடாமல் இருக்கப் பாட வேண்டியிருந்தது. கீரைக்குத் தண்ணீர் விடும்போது பாடினான். துளைக்கருவியை ஓட்டும்போது வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். வாயைத் திறந்துகொண்டு கிடந்த நோயாளிகள், அது என்ன பாட்டு டாக்டர் என்று, பேச முடிந்த பிறகு கேட்டார்கள். ஒருமுறை எழினியிடம், இப்போதே கேட்டுவிடேன், நானும் உட்காருகிறேன் என்றான். கேக்கத்தான போறேன், அவசரம் என்ன என்றாள் அவள். அவன் அதன்பிறகு சொல்லவில்லை.

மறு ஆண்டு மன்றத்தின் முக்கியமானவர்கள் பத்துப் பதினைந்து பேர் புதுக்கொற்கைக்கு வந்து, எழினியின் வீட்டில் கூடினார்கள். காசிமும் வந்திருந்தார். கச்சேரியின் வரலாற்று முக்கியத்துவம் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். தன்னிசையின் தொடக்கத்தையே இது திருப்பி எழுதிவிட்டது என்றார் ஒருவர். எல்லோரும் ஆமோதித்தார்கள். டைட்டன் நிலவிலிருந்து முதல்முறையாக வந்திருந்த நாகரத்தினம் என்ற பெண், அன்று வெண்ணாரையில் வர இடம் கிடைக்காதவள், எல்லாவற்றையும் ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசிப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

ஒருவர் மற்றவரைப் பார்த்தார். காசிம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வார்த்தையில் சொல்லக்கூடியது இல்லை என்றார். வேறு யாரும் வார்த்தையில் சொல்ல முன்வரவில்லை. எழினி தலையைக் குனிந்துகொண்டாள். தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த குமணனை, தப்பிக்க வழி கிடைத்தவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"இவிய கேட்டாவ," என்றாள் மெதுவாக. "இவிய மட்டுந்தான் கேட்டாவ."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடச் சொல்லி வற்புறுத்தினார்கள். தனக்குக் குரல் கிடையாது என்று குமணன் முதலில் மறுத்தான். பிறகு எழினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தான். அவள் கேட்கப்போகிறாள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். நல்ல குரல் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வார்த்தை சரியாக உதிர்ந்தது. ஆர்கன் வருகிற இடத்தில் அவன் உதட்டை மூடி மூக்கால் இழைத்தான். அறை மெல்ல விளிம்பிழந்து, எங்கோ ஒரு கொட்டகையின் கூரை மேலே கவிந்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளோடு சேர்ந்து அந்த அறைகளுக்குள் நடப்பது போல இருந்தது அவனுக்கு.

பாதியில் கண்ணைத் திறந்தான். எழினியின் வலக்கை மடியிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தது. கேட்கிறேன் என்று சொல்லத்தான் தூக்குகிறாள் என்று நினைத்தான். பாட்டு ஒரு கணம் தடுமாறியது.

கை தோளைத் தாண்டிப் போய் நெற்றிப்பொட்டில் நின்றது. காசிமும் நாகரத்தினமும் மற்றவர்களும் ஏற்கனவே தொட்டு முடித்திருந்தார்கள். இப்படி ஒன்று இனிமேல் கிடைக்காது என்று, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கண்களை இறுக மூடி, எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

குமணன் கடைசி வார்த்தை உதிரும்வரை பாடினான்.